எலுமிச்சைச் சாறு முதல் ஏரியூர் வரை: வகுப்பறைக்கு வந்த வேதியியல் சென்சார்கள்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ வேதியியல் செய்முறை என்றாலே நினைவுக்கு வருவது இரண்டு விஷயங்கள். ஒன்று உப்புப் பகுப்பாய்வு, இன்னொன்று தரம் பார்த்தல். பியூரெட்டில் ஒரு கரைசல், கூம்புக் குடுவையில் இன்னொரு கரைசல், அதில் இரண்டு சொட்டு பினாப்தலீன். நிறம் மாறும் அந்த ஒரு சொட்டுக்காகக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சொட்டு அதிகமாகிவிட்டால் போச்சு, மறுபடியும் முதலில் இருந்து!

சென்னையில் இருக்கும் பெரிய பள்ளியாக இருந்தாலும் சரி, தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் வட்டத்து ஏரியூராக இருந்தாலும் சரி, முறை ஒன்றுதான். இந்தச் சோதனையில் அளக்கும் கருவி எது? பியூரெட் என்று பலர் சொல்வார்கள். ஆனால் வினை முடிந்துவிட்டதா இல்லையா என்று தீர்ப்பு சொல்வது மாணவரின் கண்!

அந்தக் கண்ணின் வேலையை ஒரு எலெக்ட்ரானிக் உணரியிடம், அதாவது சென்சாரிடம், கொடுத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. பென்னாகரம், ஏரியூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு காரணமும் இருக்கிறது. அந்த வட்டாரத்து நிலத்தடி நீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெறும் கண்ணால் அதைப் பிடிக்கவே முடியாது.

கண்தான் முதல் சென்சார்

நிறம் மாறுவதை வைத்து அமிலமா காரமா என்று கண்டுபிடிப்பது புது விஷயம் அல்ல. ஆரத்தி எடுக்கும் தண்ணீர் ஏன் சிவப்பாக இருக்கிறது? மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்கிறது. சுண்ணாம்பு ஒரு காரம். காரத்தில் மஞ்சள் சிவப்பாக மாறும். வீட்டில் பாட்டி செய்தது ஒரு நிறங்காட்டிச் சோதனைதான்!

ஐரோப்பாவில் இதை முறையாக எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் பாயில். வயலெட் பூவின் சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை அவர் 1664-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் விவரித்தார்.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. நிறம் மாறியது என்று சொல்லலாம், எவ்வளவு அமிலம் என்று எண்ணில் சொல்வது கஷ்டம். அந்த எண்ணுக்கு ஒரு அளவுகோல் கொடுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சென். கோபன்ஹேகனில் இருந்த கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த அவர் 1909-ல் பி.எச். அளவுகோலை அறிமுகப்படுத்தினார். ஆம், பீர் தயாரிக்கும் அதே கார்ல்ஸ்பெர்க்! நொதிகள் வேலை செய்வதற்கு அமிலத்தன்மை எவ்வளவு இருக்க வேண்டும் என்று துல்லியமாகத் தெரிய வேண்டியிருந்தது. அந்தத் தேவையில் பிறந்ததுதான் இன்று பத்தாம் வகுப்பிலேயே படிக்கும் பி.எச்.

எலுமிச்சை கொடுத்த தலைவலி

மெல்லிய கண்ணாடிச் சுவரின் இரண்டு பக்கமும் வெவ்வேறு அமிலத்தன்மை இருந்தால் அங்கே ஒரு சிறிய மின்னழுத்தம் உண்டாகும் என்பதை 1906-ல் மேக்ஸ் கிரேமர் கண்டார். பி.எச். அளவுகோல் வந்த அதே 1909-ல் ஃபிரிட்ஸ் ஹேபரும் கிளெமென்சிவிச்சும் அதை வைத்துக் கண்ணாடி மின்வாயை ஆராய்ந்து எழுதினார்கள். (அம்மோனியா தயாரிக்கும் ஹேபர் முறை என்று பாடத்தில் வருகிறதே, அதே ஹேபர்தான்!)

அப்புறம் ஏன் இந்தக் கருவி உடனே எல்லா ஆய்வகத்துக்கும் வரவில்லை? காரணம் மின்தடை. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாத பொருள். ஒரு கண்ணாடி மின்வாயின் தடை 100 மெகா ஓம் அளவுக்குக்கூட இருக்கும். இன்று கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்ளீட்டுத் தடை 10 மெகா ஓம். நேரடியாக இணைத்தால் உண்மையான மின்னழுத்தத்தில் பதினொன்றில் ஒரு பங்குதான் மீட்டரில் தெரியும். மல்டிமீட்டருக்கே இந்தக் கதி என்றால் அந்தக் காலத்து முள் மீட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு வழி பிறந்தது எலுமிச்சம்பழத்தால்! அமெரிக்காவில் கலிபோர்னியா பழ விவசாயிகளின் கூட்டமைப்பில் வேலை பார்த்த கிளென் ஜோசஃப் என்பவருக்கு எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்க வேண்டியிருந்தது. சாறு கெடாமல் இருக்க அதில் கந்தக டை ஆக்சைடு சேர்த்திருந்தார்கள். அது லிட்மஸின் நிறத்தையே வெளுத்துவிட்டது. அதாவது கண்ணை நம்பி இருந்த முறை அங்கே தோற்றுவிட்டது.

அவர் தன்னோடு படித்த ஆர்னால்டு பெக்மன் என்ற வேதியியல் பேராசிரியரிடம் போனார். பெக்மன் 1934-ல் கண்ணாடி மின்வாயோடு வெற்றிடக் குழாய்களால் ஆன ஒரு பெருக்கியைச் சேர்த்து ஒரே பெட்டிக்குள் அடைத்தார். அடுத்த வருடமே அது 195 டாலர் விலைக்கு விற்பனைக்கு வந்தது. உலகத்தில் பரவலாக விற்ற முதல் எலெக்ட்ரானிக் பி.எச். மீட்டர் இதுதான் என்று சொல்லலாம்.

அன்றைக்கு 195 டாலர் என்பது பெரிய தொகை. ஆராய்ச்சிக்கூடங்களும் கம்பெனிகளும் வாங்கின. பள்ளிக்கூடங்களில் லிட்மஸ் தாளே தொடர்ந்தது.

சென்சார் என்ன செய்கிறது?

எந்த சென்சாராக இருந்தாலும் அடிப்படை வேலை ஒன்றுதான். வேதியியல் மாற்றத்தை மின் மாற்றமாக மாற்றிக் கொடுப்பது.

பி.எச். மின்வாய்: 25 டிகிரி செல்சியஸில் பி.எச். ஒரு எண் மாறினால் மின்னழுத்தம் ஏறக்குறைய 59 மில்லி வோல்ட் மாறும். பாடத்தில் வரும் நெர்ன்ஸ்ட் சமன்பாடு சொல்வது இதைத்தான்.

வெப்பநிலை உணரி: வெப்பம் மாறும்போது தெர்மிஸ்டரின் தடை மாறும். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லியும், 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லியும் கலந்தால் வெப்பநிலை ஏறக்குறைய 6 முதல் 7 டிகிரி ஏறும். சாதாரண வெப்பமானியில் கடைசி வெப்பநிலை மட்டும் கிடைக்கும். உணரியில் அது எப்படி ஏறியது, எப்போது இறங்கத் தொடங்கியது என்பதும் தெரியும்.

நிற அளவி: ஒரு பக்கம் எல்.இ.டி. விளக்கு, மறுபக்கம் ஒளி டையோடு, நடுவில் கரைசல். கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்கியது என்பதை வைத்து அதன் செறிவைக் கணக்கிடலாம்.

மறுபடியும் தரம் பார்த்தலுக்கு வருவோம். 0.1 மோலார் அமிலம் 20 மில்லி, பியூரெட்டில் 0.1 மோலார் காரம். 19.95 மில்லி விட்டபோது பி.எச். ஏறக்குறைய 3.9. இன்னும் இரண்டே சொட்டு, 20.05 மில்லி ஆனதும் பி.எச். 10.1! இரண்டு சொட்டில் ஆறு எண்கள் தாவிவிடுகின்றன. பினாப்தலீன் வைத்துச் செய்யும் மாணவருக்கு இளஞ்சிவப்பு நிறம் மட்டும் தெரியும். சென்சார் வைத்துச் செய்பவருக்கு அந்தச் செங்குத்தான தாவல் திரையில் வரைபடமாகவே தெரியும். அமிலத்தையும் காரத்தையும் மாற்றினால் நிறங்காட்டியையும் ஏன் மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு அந்த வரைபடமே பதில்.

கம்ப்யூட்டரோடு சேர்ந்த கதை

மீட்டரின் முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதி, அப்புறம் வரைபடத் தாளில் புள்ளி வைப்பது பழைய முறை. 1980-களின் தொடக்கத்தில் சிறிய கம்ப்யூட்டர்கள் வந்தபோது, சென்சாரை நேராகக் கம்ப்யூட்டரில் இணைத்தால் என்ன என்று சிலர் யோசித்தார்கள். அமெரிக்காவில் டெர்க் என்ற கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த ராபர்ட் டிங்கர் இதில் முன்னோடி. 1981-ல் ஆரகன் மாநிலத்தில் இயற்பியல் ஆசிரியராக இருந்த டேவிட் வெர்னியரும் அவர் மனைவி கிறிஸ்டினும் பள்ளிகளுக்காக ஒரு சிறிய கம்பெனி ஆரம்பித்தார்கள். வெர்னியர் சென்சார்கள் பிறகு உலகம் முழுவதும் போயின. 1994-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் கால்குலேட்டரில் சென்சார்களை இணைக்கும் கருவியைக் கொண்டுவந்தது.

இதனால் படிப்புக்கு உண்மையிலேயே பலன் உண்டா? 1987-ல் ஹீதர் பிராசெல் வெளியிட்ட ஆய்வு சுவாரசியமானது. அது வேதியியல் அல்ல, நகரும் பொருளின் வேகம் பற்றியது. வரைபடம் உடனுக்குடன் திரையில் வந்த மாணவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வெறும் 20 விநாடி தாமதமாக வந்தபோது அந்தப் பலனில் பெரும்பகுதி காணாமல் போனது. கை செய்வதும் கண் பார்ப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் போலிருக்கிறது!

வேதியியலில் 1994-ல் நாக்லே, கிராய்ச்சிக் இருவரும் நிறங்காட்டி, பி.எச். மீட்டர், கம்ப்யூட்டரோடு இணைந்த சென்சார் என மூன்று முறைகளை ஒப்பிட்டார்கள். அமிலம், காரம், பி.எச். பற்றிய புரிதலில் அதிக மாற்றம் தெரிந்தது மூன்றாவது குழுவில்.

இந்தியாவுக்கும் அப்போது பள்ளிக் கம்ப்யூட்டர்கள் வந்தன. 1984-ல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்கள் கொடுக்கப்பட்டன. அந்தக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் நான்கு தடங்கள் கொண்ட அனலாக் உள்ளீடு இருந்தது. அதாவது சென்சாரை இணைக்கும் வாசல் அதிலேயே இருந்தது! ஆனால் திட்டத்தின் நோக்கம் கம்ப்யூட்டர் எழுத்தறிவு. ஆய்வகம் அதன் குறி அல்ல.

டெல்லியில் ஒரு மாற்று வழி

விலை கொடுத்து வாங்க முடியாத நாடுகள் என்ன செய்வது? இதற்குப் பதில் தேடிய முக்கியமான முயற்சி இந்தியாவில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையைச் சேர்ந்த பேராசிரியர் கே.வி.சானே 1980-களில் யுனெஸ்கோ, சர்வதேச வேதியியல் கழகம் ஆகியவற்றின் ஆதரவோடு ஒரு திட்டத்தை நடத்தினார். அந்தந்த ஊரிலேயே குறைந்த செலவில் வேதியியல் கற்பிக்கும் கருவிகளைத் தயாரிப்பது, இதுதான் திட்டம். பி.எச். மீட்டர், மின்கடத்துத்திறன் மீட்டர், நிற அளவி எல்லாம் அதில் உருவாயின.

இது எப்படி முடிந்தது? பெக்மன் வெற்றிடக் குழாய்களை வைத்துச் செய்த வேலையை இப்போது ஒரு சின்ன ஐ.சி. செய்துவிடும். ஃபெட் வகை உள்ளீடு கொண்ட ஆப்-ஆம்ப் என்ற அந்தச் சில்லின் உள்ளீட்டுத் தடை மிக மிக அதிகம். கண்ணாடி மின்வாயிலிருந்து அது கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுக்காது. எந்தத் தடையால் கருவி கால் நூற்றாண்டு தாமதமானதோ அதே தடையைச் சில ரூபாய்ச் சில்லு தாண்டியது!

திட்டத்தில் இன்னொரு முக்கியமான அம்சம், கருவியை ஆசிரியர்களும் மாணவர்களும் தாங்களே செய்து பார்ப்பது. செய்தவருக்குப் பழுது பார்க்கவும் தெரியும். பல பள்ளிகளில் கருவி பழுதானால் பீரோவுக்குள் போய் அங்கேயே இருந்துவிடுகிறது. வாங்குவதற்குக் காசு இல்லை என்பது ஒரு பிரச்சனை, வாங்கியதைப் பழுது பார்க்க ஆள் இல்லை என்பது அதைவிடப் பெரிய பிரச்சனை. சானே குழுவின் வழி இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொன்னது.

ஃபீனிக்ஸ் பறவை

அதே டெல்லியில் 2004-ல் இன்னொரு முயற்சி தொடங்கியது. துகள் முடுக்கி வைத்து அணு இயற்பியல் ஆராய்ச்சி செய்யும் ஒரு மத்திய நிறுவனம் அங்கே இருக்கிறது. இப்போது அதன் பெயர் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம். அங்கே வேலை பார்த்த பி.பி.அஜித்குமார், ஆராய்ச்சிக்கூடத்தில் அளவிடும் கருவிகள் செய்த அனுபவத்தை மாணவர்களுக்காகத் திருப்பினார். ஃபீனிக்ஸ் என்று பெயர் வைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் அடுத்த வடிவமாக 2011-ல் எக்ஸ்ப்-ஐஸ் என்ற உள்ளங்கை அளவுப் பெட்டி வந்தது. 2017-ல் அதன் புதிய பதிப்பு.

யு.எஸ்.பி. கம்பியில் கம்ப்யூட்டரோடு இணைத்தால் மின்னழுத்தம், நேரம், மின்தடை எல்லாவற்றையும் அளக்கும். பைத்தான் மொழியில் எழுதிய மென்பொருள் இலவசம். சுற்றின் வரைபடமும் எல்லோருக்கும் திறந்தது, யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். இயற்பியலுக்காகப் பிறந்தது என்றாலும் வேதியியலுக்கும் பயன்படும். காரணம், மேலே பார்த்தபடி வேதியியல் சென்சார் கடைசியில் கொடுப்பது மின்னழுத்தமோ மின்தடையோதானே! தெர்மிஸ்டரை நேராக இணைக்கலாம். பி.எச். மின்வாய்க்கு இடையில் ஒரு ஆப்-ஆம்ப் சுற்று வேண்டும், அவ்வளவுதான்.

இத்தாலியில் 2005-ல் தோன்றிய ஆர்டுயினோ பலகையும் இதே காலத்தில் பரவியது. 2016-ல் மத்திய அரசு அறிவித்த அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் மூலம் அது பல இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், பிறகு அரசுப் பள்ளிகளில் வந்த உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் என்று கம்ப்யூட்டரும் கிராமம் வரை வந்துவிட்டது. சென்சாரையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து வைப்பதுதான் பாக்கி.

கைப்பழக்கம் போய்விடாதா?

ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. எல்லாவற்றையும் சென்சாரே செய்துவிட்டால் மாணவர் என்ன கற்றுக்கொள்வார்? பிப்பெட் பிடிக்கும் பழக்கம், பியூரெட் திருகைத் திருப்பும் நிதானம் எல்லாம் போய்விடாதா?

இதில் உண்மை இருக்கிறது. திரையில் 7.00 என்று வந்தால் அதை அப்படியே நம்பிவிடத் தோன்றும். ஆனால் பி.எச். மின்வாய் காய்ந்து போனாலும் தப்பாகத்தான் காட்டும், பழசாகிப் போனாலும் தப்பாகத்தான் காட்டும். தப்பைக்கூட இரண்டு தசம இடத்துக்குத் துல்லியமாகக் காட்டும்!

அதனால்தான் அளவுத்திருத்தம் என்ற வேலை இருக்கிறது. பி.எச். 4, பி.எச். 7 எனத் தெரிந்த தாங்கல் கரைசல்களில் மின்வாயை வைத்து, அது காட்டும் மில்லி வோல்ட்டைக் குறித்துக்கொண்டு கோடு போட வேண்டும். 59-க்குப் பக்கத்தில் சாய்வு வந்தால் மின்வாய் நன்றாக இருக்கிறது. 45 என்று வந்தால் சந்தேகப்பட வேண்டும். இந்த வேலையை மாணவரே செய்தால் நெர்ன்ஸ்ட் சமன்பாடு கையில் வந்துவிடும். ஆசிரியர் முன்கூட்டியே செய்து கொடுத்துவிட்டால் சென்சார் ஒரு மந்திரப் பெட்டிதான்.

நிறங்காட்டியும் சென்சாரும் ஒன்றுக்கு ஒன்று எதிரி அல்ல. இரண்டையும் ஒரே குடுவையில் வைத்துச் செய்வதுதான் நல்லது. இளஞ்சிவப்பு வரும் நேரத்தில் வரைபடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்த மாணவர் அதை மறக்க மாட்டார்.

ஏரியூருக்கு இது ஏன் முக்கியம்?

சென்னை மாகாணத்தில் ஃபுளோரோசிஸ் நோய் இருப்பதை 1937-ல் ஷார்ட் முதலான மருத்துவர்கள் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது அன்றைய நெல்லூர் மாவட்டத்தில். பிறகு நாட்டின் பல பகுதிகளில் இந்த நோய் தெரிய வந்தது. தமிழ்நாட்டில் அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று தர்மபுரி. பென்னாகரம் வட்டாரமும் அதில் சேரும். பாறைகளில் இருக்கும் தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் சேர்கிறது. முதலில் பற்களில் பழுப்புக் கறை. அதிக அளவில் பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும்.

இந்தியத் தர அளவுப்படி ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லி கிராம் ஃபுளோரைடு வரை நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லி கிராம் வரை ஏற்கலாம். 1-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம் நாக்குக்குத் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகத்தான் வந்தது. ஜப்பான் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட இந்தத் திட்டம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டு வருகிறது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு என்று இருக்கிறது. ஆனாலும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் சேர்த்துப் பயன்படுத்தும் இடங்களில் ஃபுளோரைடு அளவு கிணற்றுக்குக் கிணறு மாறும். அளந்தால்தான் தெரியும்.

ஃபுளோரைடை அளக்கும் மின்வாயை 1966-ல் ஃபிராண்ட், ராஸ் என்ற இரண்டு அமெரிக்க வேதியியலாளர்கள் அறிவித்தார்கள். கண்ணாடிக்குப் பதிலாக லாந்தனம் ஃபுளோரைடு படிகம். இதிலும் செறிவு பத்து மடங்கு மாறினால் அதே 59 மில்லி வோல்ட்! பி.எச். மின்வாயைப் படித்த மாணவருக்கு இது தெரிந்த கணக்குதான். ஆனால் விலை ஒரு கிராமத்துப் பள்ளிக்குக் கட்டுப்படியாகாது.

பள்ளிக்கு ஏற்ற வழி நிற அளவிதான். சிர்க்கோனியமும் ஸ்பேட்ன்ஸ் என்ற சாயமும் சேர்ந்து ஒரு சிவப்பு நிறக் கூட்டுப்பொருள் உண்டாகும். ஃபுளோரைடு வந்தால் சிர்க்கோனியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். நிறம் வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு ஃபுளோரைடு. கண்ணுக்கு இந்த வித்தியாசம் சரியாகப் பிடிபடாது. ஆனால் இதை அளக்கும் ஒளியின் அலைநீளம் 570 நானோமீட்டர். சாதாரண மஞ்சள் கலந்த பச்சை எல்.இ.டி. கொடுக்கும் ஒளியும் ஏறக்குறைய அதுவே! சில ரூபாய் எல்.இ.டி., ஒரு ஒளி டையோடு, ஒரு எக்ஸ்ப்-ஐஸோ ஆர்டுயினோவோ இருந்தால் போதும். தெரிந்த செறிவுள்ள ஐந்தாறு கரைசல்களை வைத்து முதலில் ஒரு அளவுத்திருத்தக் கோடு போட வேண்டும். அப்புறம் வீட்டுத் தண்ணீரின் இடம் அந்தக் கோட்டில் எங்கே என்று பார்க்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். அந்த வினைப்பொருளில் அடர் அமிலம் இருக்கும், ஆசிரியர் துணை இல்லாமல் தொடக்கூடாது. இரண்டாவது, பள்ளியில் வந்த எண்ணை வைத்து மட்டும் ஒரு கிணற்றை நல்லது கெட்டது என்று சொல்லிவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு மாதிரியைக் கொடுக்க வேண்டும். ஆனால் சந்தேகம் வருவதற்கே யாராவது முதலில் அளந்திருக்க வேண்டுமே!

முடிவாக

கலிபோர்னியா விவசாயிக்கு எலுமிச்சைச் சாறு பிரச்சனை. டென்மார்க்காரருக்கு நொதி. சென்சார்கள் எப்போதும் ஏதோ ஒரு ஊரின் தேவையில் பிறந்து, அப்புறம்தான் பாடப்புத்தகத்துக்குள் வந்திருக்கின்றன. சானேயும் அஜித்குமாரும் காட்டியது, அவற்றை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, செய்தும் கொள்ளலாம் என்பதை. தர்மபுரிக்குத் தேவை தண்ணீர். வீட்டிலிருந்து ஒரு பாட்டிலில் கொண்டு வந்த தண்ணீரைப் பிளஸ் டூ மாணவி ஒருவர் தானே செய்த பெட்டியில் வைத்து, 0.8 என்றோ 2.4 என்றோ ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், அன்றைய வேதியியல் வகுப்பு மதிப்பெண்ணுக்காக மட்டும் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.